ஏழாவது வரிசையில் ஒரு தாய்மாமன்

நவம்பர் 22, வெள்ளி

இதெல்லாம் இப்படித்தான் நடக்கும் என்று நான் முன்னாலேயே சொல்லிவிட்டேன். ஷார்ஜாவில் எங்கள் அறையில் ஒன்பது பேர். ஒன்பது பேரும் சாட்சி. "பாருங்கடா, இந்த வெள்ளைச்சாமி பன்னிரண்டு வருசம் கழிச்சு ஊருக்குப் போறான். அழைச்சுட்டுப் போக ஒழுங்கா ஒரு காரு வராது. தங்கச்சி முகம் கொடுத்துப் பேச மாட்டா. தாய்மாமன்ங்கிற முறையக்கூட எவனாச்சும் தட்டிப் பறிச்சிருப்பான். எழுதி வச்சுக்கோங்க" என்றேன். எவனும் எழுதி வைக்கவில்லை. அதனால் நானே எழுதுகிறேன்.

(ஒன்பது பேரோடு ஏன் ஒரே அறை என்று யாராவது கேட்கலாம். கம்பெனியில் எனக்குத் தனி பங்களா கொடுத்தார்கள். ஆட்கள் என் கண்பார்வையில் இருக்க வேண்டும் என்று நான்தான் வேண்டாம் என்றுவிட்டேன்.)

டைரி பழசு. உள்ளே கிழமைகள் எல்லாம் தப்பாக இருக்கின்றன. அடித்துத் திருத்தி எழுதுகிறேன்.

வரும் வழியில் நடுவானில் விமானத்தின் ஏசி நின்றுவிட்டது. குழந்தைகள் வீறிட்டு அழுகின்றன. பணிப்பெண் ஒருத்தி வரிசை வரிசையாக ஓடி வந்து என் முகத்தைப் பார்த்ததும் நின்றாள். தொழில் தெரிந்தவன் முகத்தில் அது தெரியும் போலிருக்கிறது. எழுந்து போய் இரண்டே திருகு திருகினேன். ஜிலுஜிலு என்று ஆகிவிட்டது. விமானி வெளியே வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

மதுரையில் இறங்கினால், வெளியே நிற்கிறவன் கதிரேசன். என் சித்தப்பா மகன். அருப்புக்கோட்டையில் விசைத்தறி மெக்கானிக். எங்கே நின்றாலும் அங்கே கொஞ்சம் கிரீஸ் வாசம் அடிக்கும். கார் எடுத்து வரவில்லை. கல்யாணத்துக்கு வாடகைப் பாத்திரம் ஏற்றிய மினி வேன். ஏசி சூப்பர்வைசராகிய நான் இரண்டு அண்டாக்களுக்கு நடுவில் உட்கார்ந்து ஊர் வந்து சேர்ந்தேன். ஓர் அண்டாவில் யாரோ தண்ணீரை மிச்சம் வைத்திருந்தார்கள். வளைவுக்கு வளைவு என் பைமேல் ஊற்றிக்கொண்டே வந்தது.

"பயணம் சௌரியமாண்ணே?"

ஏசி விஷயத்தைச் சொன்னேன்.

"பிளேனுக்கே ஏசி பாத்துக் குடுத்துட்டு வந்திருக்கீங்க. பஞ்சவர்ணம் அக்கா வீட்டு ஃபேன் ஒரு மாசமா சுத்தல. அதையும் ஒரு கை பாத்துருங்க" என்றான். பிறகு, "ஒரே பைதானாண்ணே?"

"பெட்டியெல்லாம் கப்பல்ல வருதுடா."

வீட்டில் தங்கை பஞ்சவர்ணம் வாசலுக்கு வந்தாள். அழுவாள் என்று நினைத்தேன். "வந்துட்டியாண்ணே" என்றாள். "கைகால் கழுவு, காப்பி போடுறேன்" என்று உள்ளே போய்விட்டாள். அவ்வளவுதான். பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு டம்ளர் காப்பி.

கூடத்தில் அவள் புருஷன், என் மச்சான் சுந்தரமூர்த்தியின் படம் மாட்டியிருக்கிறது. நான் அதற்கு எதிரே உட்காரவில்லை. அங்கே வெயில் அடிக்கிறது.


நவம்பர் 23, சனி

எனக்கு இரத்த அழுத்தம் இருநூறைத் தாண்டியிருக்கும்.

கல்யாணப் பத்திரிகையைக் காலையில்தான் கண்ணால் பார்த்தேன். ஆறு பக்கம். தடித்த அட்டை. மணமகள் கோகிலவாணி, அதாவது எங்கள் வாணி. வரும் வெள்ளிக்கிழமை காலை முகூர்த்தம். மூன்றாம் பக்கத்தில் பெரிய எழுத்தில் "மணமகளின் தாய்மாமன்" என்று போட்டு, கீழே "ப. கதிரேசன்". அதற்கு ஒரு வட்டப் போட்டோ வேறு. அதில் அவன் தலையை எண்ணெய் வைத்துப் படிய வாரியிருக்கிறான்.

என் பெயரைத் தேடினேன். பெரியப்பா வகையில் இல்லை. சித்தப்பா வகையில் இல்லை. சுற்றமும் நட்பும் பக்கத்தில் மளிகைக்கடைக்காரர் பெயர் இருக்கிறது. கடைசிப் பக்கத்தில் "எங்க அக்கா கல்யாணத்துக்கு மறக்காம வந்துருங்க" என்று குழந்தைகள் கூப்பிடுகிற இடம் இருக்கிறது. அதில் பிறந்து ஏழு மாதமான ஒரு குழந்தையின் பெயர் இருக்கிறது. இன்னும் பேச்சு வராத குழந்தை ஊரை அழைக்கிறது. வாணியின் தாயோடு கூடப்பிறந்தவன் நான். என் பெயர் எங்கும் இல்லை.

வெளியூர்க்காரர்களுக்கு இதன் கனம் தெரியாது. எங்கள் வழக்கத்தில், தாலி கட்டுவதற்கு முன்னால், மணப்பெண்ணின் நெற்றியில் தாய்மாமன் பட்டம் கட்ட வேண்டும். சின்னத் தங்கத் தகடு, இரண்டு பக்கமும் மஞ்சள் நூல். அதைக் கட்டாமல் பெண் மணவறையில் உட்கார மாட்டாள். அந்த நூலைக் கட்டுகிற கைதான் தாய்மாமன் கை. மற்ற கையெல்லாம் சாப்பிடவும் மொய் எழுதவும் மட்டும்தான்.

பத்திரிகையை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனேன்.

"பஞ்சு, இது என்னது?"

"பத்திரிகண்ணே."

"நான் எங்க இதுல?"

அவள் புளி கரைத்துக்கொண்டிருந்தாள். கையை எடுக்கவில்லை. "நீ வருவன்னு யாருண்ணே கண்டா? அடிச்சு ரெண்டு மாசமாச்சு. நீ போன் பண்ணுனது போன செவ்வாக்கெழம."

"பேரப் போட்டா என்ன கொறஞ்சு போகும்?"

"பேரப் போட்டு நீ வராம இருந்தா, மாப்ள வீட்டு ஆளுக தாய்மாமன் எங்கன்னு கேப்பாகல்ல. சடங்குக்கு ஊரே கேட்டுச்சு. ஒரு தடவ பதில் சொன்னது போதும்ண்ணே."

சுந்தரமூர்த்தி மச்சான் இருந்திருந்தால் இப்படி நடக்காது என்றேன். அவள் புளியைப் பிழிந்தாள். சக்கையில் ஒன்றும் மிச்சமில்லாத வரை பிழிந்தாள்.

வளைகுடாவில் ஒரு ஷேக்கின் மகள் கல்யாணத்தில் என்னை முதல் வரிசையில் உட்கார வைத்தார்கள். இங்கே இந்த மரியாதை.


நவம்பர் 24, ஞாயிறு

கோபத்தில் சாப்பிடவில்லை. நாலு தோசை மட்டும்.

ஃபேனைக் கழற்றி, தூசி துடைத்து, கெபாசிட்டர் மாற்றி மாட்டினேன். சத்தமில்லாமல் ஓடுகிறது. ஒருத்தரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.


நவம்பர் 25, திங்கள்

வீட்டு வாசலில் முகூர்த்தக்கால் ஊன்றினார்கள். குழி தோண்ட கதிரேசன் கடப்பாரையைத் தூக்கியதும் நான் செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். நேரே சாத்தூர். மாப்பிள்ளையின் அப்பா சங்கரலிங்கம் வீடு. பேச வேண்டியதைப் பேச வேண்டிய இடத்தில் பேசுவதுதான் என் பழக்கம்.

மரியாதையாகத்தான் உட்கார வைத்தார். டீயும் முறுக்கும் வந்தது. நான் சொன்னேன்: "சம்மந்தி, பட்டம் கட்டப் போறது நான். பத்திரிகைல ஒரு அச்சுப்பிழை ஆகிப்போச்சு."

அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். "அச்சுப்பிழைல போட்டோவுமா சம்மந்தி மாறிப்போகும்?"

இந்த மனிதர் ஷார்ஜாவுக்கு அடுத்த அஜ்மானில் பதினாலு வருஷம் வேலை பார்த்தவராம். இது எனக்கு முன்னாலேயே தெரிந்திருந்தால் போயிருக்க மாட்டேன். அதாவது, வேறு நாள் போயிருப்பேன்.

"எந்தக் கம்பெனி?"

சொன்னேன்.

"அது மூடி அஞ்சாறு வருசம் ஆச்சே."

"அதே பேருல வேற தொறந்திருக்காக."

"ஓகோ. புது மாதிரி அடையாள அட்ட குடுக்காகளாமே இப்ப? எடுங்க, எப்படி இருக்குன்னு பாப்போம்."

மதுரையில் பெரிய ஓட்டல் லாக்கரில் வைத்திருக்கிறேன் என்றேன். அவர் தலையாட்டினார். "நல்லது, நல்லது. இப்ப அங்க பொது மன்னிப்பு குடுத்திருக்காக போல. காகிதம் இல்லாம வருசக்கணக்கா ஒளிஞ்சு கெடந்த பயலுக பாவம், ஊர் திரும்புறாங்க" என்று சொல்லிக்கொண்டே இன்னொரு முறுக்கை எடுத்து என் கையில் வைத்தார். "சாப்பிடுங்க சம்மந்தி."

முறுக்கைப் பொடிப்பொடியாக நொறுக்கினேன்.

கிளம்பும்போது வாசல் வரை வந்தார். "யார் கட்டுனா எங்களுக்கு என்ன? பொண்ணு மனசு கோணாம இருக்கணும். பொண்ணு யாரச் சொல்லுதோ அவரு கட்டட்டும். நீங்களே கேட்டுருங்க."

நல்ல தீர்ப்பு. நான் சொல்லிக்கொடுத்துத்தான் அப்படிச் சொன்னார். வாணி என் பெயரைத்தான் சொல்வாள். அவளுக்குக் காது குத்தும்போது என் மடியில் உட்கார்ந்துதான் என் வேட்டியை நனைத்தாள். பட்டு வேட்டி.


நவம்பர் 26, செவ்வாய்

வாணி வந்துவிட்டாள். மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியில் இரத்தப் பரிசோதனை செய்கிற வேலை. நான் போகும்போது ஏழாவது படித்த பிள்ளை. இப்போது என் உயரம்.

"வாங்க மாமா, நல்லா இருக்கீங்களா?" என்றாள். பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரரைக் கேட்கிற மாதிரி.

மத்தியானம் அவள் கூடத்தில் உட்கார்ந்து தாம்பூலப் பைகளில் தேங்காய் போட்டுக்கொண்டிருந்தாள். நான் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன். அடுப்படியில் பஞ்சவர்ணம் பாத்திரச் சத்தத்தை நிறுத்திவிட்டாள்.

"வாணி, பட்டம் யார் கட்டணும்னு ஒன்ட்டயே கேக்கச் சொல்லிட்டாரு ஒங்க மாமனாரு. ஒன் வாயால சொல்லு."

"கதிரேசன் மாமா."

யோசிக்கவே இல்லை. ஒரு தேங்காய்க்கும் அடுத்த தேங்காய்க்கும் நடுவில் சொன்னாள்.

"நான் உசுரோட இருக்கும்போதா?"

"உசுரோட இருக்கீங்களான்னே எங்களுக்குத் தெரியாதே மாமா."

"காது குத்துனப்ப நீ என் மடியிலதான்..."

"அது எனக்கு ஞாபகம் இல்ல. எனக்கு ஞாபகம் இருக்கறதச் சொல்லட்டா?" இப்போதும் தேங்காயைத்தான் பார்த்தாள். "நான் பெரியவளானப்ப குச்சு கட்டத் தாய்மாமன் இல்லாம அம்மா வாசல்லயே நின்னுச்சு. கதிரேசன் மாமா பட்டறைல இருந்து அப்படியே அழுக்குக் கையோட தென்ன ஓலை தூக்கிட்டு வந்தாரு. அந்த ஓலையில கிரீஸ் ஒட்டியிருந்துச்சு. ஒம்போது நாளும் அதப் பாத்துக்கிட்டே குச்சுக்குள்ள உக்காந்திருந்தேன். அப்புறம் அப்பா. ஆஸ்பத்திரில பத்து நாள் கெடந்தாரு. பத்து நாளும் ஒங்க நம்பருக்குப் போட்டாரு. 'இந்த எண் உபயோகத்தில் இல்லை'ன்னு அந்தப் பொம்பள சொல்லும். அப்பா அதுட்ட, 'சரிம்மா, மச்சான் வந்தா நான் கேட்டேன்னு சொல்லு'ன்னு சொல்லுவாரு. எங்களச் சிரிக்க வைக்கறதுக்கு. பத்தாவது நாளும் சொன்னாரு."

நான் அவளுக்குத் தகுந்த பதில் கொடுத்தேன். நாக்கைப் பிடுங்குகிற மாதிரி கேட்டேன். என்ன கேட்டேன் என்பதை இங்கே எழுத இடம் போதாது.

படிக்கிறவர்களுக்கு ஒன்று மட்டும் சொல்லிவைக்கிறேன். ஏசி காற்று போகிற தகரக் குழாய்க்குள் படுத்துக்கொண்டு ஊர்ந்து போய்ச் சுத்தம் செய்கிறவனுக்கு, உள்ளே சிக்னல் கிடைக்காது. நான் ஊர்ந்ததில்லை. ஊர்கிறவர்களைச் சொல்கிறேன்.

மீதி நாற்பது பைகளுக்கு நானும் தேங்காய் போட்டேன். அவள் தடுக்கவில்லை.


நவம்பர் 27, புதன்

கதிரேசனை அவனுடைய இடத்திலேயே போய் நாலு பேர் முன்னால் கேட்டுவிடுவது என்று முடிவு செய்து பட்டறைக்குப் போனேன். இருபது தறி ஒரே நேரத்தில் ஓடுகிறது. காதுக்குள் ஆணி அடிக்கிற சத்தம். அடிவயிற்றிலிருந்து கத்தித்தான் பேச வேண்டும். கத்தினேன். வாணி மனசைக் கலைத்தவன் என்றேன். போட்டோவுக்குத் தலை வாரியவன் என்றேன். "திருட்டுப் பயலே!" என்று முழுத் தொண்டையில் ஆரம்பித்த அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போய்விட்டது.

இருபது தறியும் நின்றன. "பயலே" மட்டும் தனியாகப் பட்டறை முழுக்கச் சுற்றி வந்தது. தறிக்காரர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒருத்தர் டீயை வாய்க்குப் பாதி வழியில் பிடித்துக்கொண்டு நின்றார்.

கதிரேசன் தறிக்கு அடியிலிருந்து எழுந்து வந்தான். "என்னத்தண்ணே திருடுனேன்?"

"என் முறைய!"

அவன் கழிவுத்துணியில் கையைத் துடைத்தான். விரல் விரலாகத் துடைத்தான். "முறைய யாருண்ணே திருடுவா? அது கீழ கெடந்துச்சு. மிதிபட்ரும்னு எடுத்து வச்சேன்."

டீக்காரர் சிரித்துவிட்டார். நான் திரும்பி நடந்தேன். சந்து முனை வரை கதிரேசன் கூடவே வந்தான். அங்கே ஆள் இல்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"அண்ணே, அன்னைக்கு அண்டாத் தண்ணியில ஒங்க பை நனைஞ்சிருச்சுல்ல. காயப்போடத் தொறந்தப்ப, சைடு ஜிப்புல ஒரு வெள்ளத்தாள் இருந்துச்சு. தூதரக முத்திரை போட்டது. காய வச்சு என் பீரோல வச்சிருக்கேன். யார்ட்டயும் காட்டல. அக்காட்டகூட. வேணும்ங்கறப்ப கேளுங்க."

அந்தத் தாளைப் பற்றி இங்கே விளக்கிவிடுகிறேன். பாஸ்போர்ட் இல்லாதவனை ஒரே ஒரு தடவை ஊருக்கு அனுப்பி வைக்கக் கொடுக்கிற தாள் அது. திரும்பப் போக உதவாது. பாஸ்போர்ட்டைக் கம்பெனிக்காரனிடம் பறிகொடுத்துவிட்டு ஒளிந்து திரிகிற மடையர்களுக்குக் கொடுப்பது. என் கையில் அது எப்படி வந்தது என்றால், ஒரு நண்பனுடையது. அவனுக்காக வாங்கி வைத்தேன். அதில் என் போட்டோ இருப்பதற்கும் காரணம் இருக்கிறது.

அவன் என் பையைத் திறந்ததைவிட, யாரிடமும் சொல்லவில்லை என்றதுதான் எனக்குத் தாங்கவில்லை. சொல்லித் தொலைத்திருந்தால் சட்டையைப் பிடித்திருப்பேன். ஒருவன் இவ்வளவு நல்லவனாக இருந்து கழுத்தை அறுத்தால் என்னதான் செய்வது?


நவம்பர் 28, வியாழன்

சாயந்திரம் மண்டபத்துக்குப் போய்விட்டோம். பிள்ளையார் கோயிலிலிருந்து தாய்மாமன் சீர் வரும். கதிரேசன் இருபத்தொரு தட்டு வைத்திருந்தான். பட்டு, பழம், பூ, வெல்லம், அவனுக்குத் தெரிந்த வரை.

நான் ஒரு தட்டு தனியாகத் தயார் செய்தேன். ஷார்ஜாவிலிருந்து கொண்டுவந்த பிஸ்தா, ஒரு பால்மாவு டப்பா, சோப்பு, எட்டு பாட்டில் கோடாலித் தைலம். தைலத்தைக் கோபுரம் மாதிரி அடுக்கினேன். சர்வதேசச் சீர். தட்டைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு மேளத்துக்கு அடுத்ததாக நான் நடந்தேன். கதிரேசன் ஒதுங்கி வழி விட்டான்.

மண்டப வாசலில் மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் தட்டு தட்டாகப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். ஒரு அம்மா என் தட்டின் முன்னால் நின்றார்.

"இது என்ன, தைலமா? எங்க பையனுக்கு இடுப்பு வலி வரப்போகுதுன்னு இப்பவே தெரிஞ்சு போச்சா?"

"பொண்ணு கையால அடி வாங்குனா தடவிக்கிடறதுக்கு அத்தே!" என்று பின்னாலிருந்து ஒருத்தி.

மொத்தப் பெண்களும் சிரித்தார்கள். பஞ்சவர்ணம் வந்து என் கையிலிருந்து தட்டை வாங்கினாள். சிரிக்கவில்லை. தட்டை உள்ளே கொண்டுபோய் மற்ற இருபத்தொன்றோடு வரிசையில் வைத்தாள். ஒரு பாட்டில் சாய்ந்திருந்ததை நிமிர்த்தினாள்.

நான் முடிவு செய்துவிட்டேன். நாளை பட்டம் கட்ட அவன் மேடை ஏறுகிற நேரத்தில் எழுந்து நின்று, எல்லார் முன்னாலும், "நிறுத்து" என்று சொல்லப்போகிறேன். பெண்ணைப் பெற்றவளோடு கூடப்பிறந்த மாமன் நான் இருக்கிறேன், இவன் யார் என்று கேட்கப்போகிறேன். முகூர்த்தம் தவறினாலும் தவறட்டும். நான் கத்தினால் என்ன ஆகும் என்று ஷார்ஜாவில் கேட்டால் சொல்வார்கள்.


நவம்பர் 29, வெள்ளி

நடந்தது. நான் சொன்னபடியே நடந்தது.

மண்டபத்தில் இரண்டாயிரம் பேர். வெளியே தெருவில் இன்னும் ஆயிரம். நாதசுரக்காரர்கள் நாலு ஊரிலிருந்து வந்திருந்தார்கள். வாணி அரக்குப் பட்டில் மேடைக்கு வந்து நின்றாள். ஐயர், "தாய்மாமன் வரலாம், பட்டம் கட்டணும்" என்று மைக்கில் கூப்பிட்டார். கதிரேசன் புது வேட்டி மடிப்புக் கலையாமல் தட்டிலிருந்து பட்டத்தை எடுத்தான்.

நான் எழுந்திருக்கத் தேவையே இல்லாமல் போய்விட்டது. அதற்குள் வாணி கையை உயர்த்தினாள். கணீர் என்ற குரலில், "நில்லுங்க! எங்க வெள்ளைச்சாமி மாமா எங்க? காது குத்துனப்ப என்னை மடியில வச்சிருந்தவரு அவரு. அவரு கை பட்டாத்தான் நான் மணவறையில உக்காருவேன்!" என்றாள். மேளம் நின்றது. இரண்டாயிரம் தலையும் திரும்பியது. சங்கரலிங்கமே எழுந்து கைகூப்பினார். ஜனங்கள் இரண்டாகப் பிரிந்து வழி விட, நான் நடந்தேன். கைத்தட்டல். மேடை ஏறினேன். வாணி தலையைக் குனிந்தாள். கட்டினேன். ஒரே முடிச்சு. அசையவில்லை.

கதிரேசன் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

பிறகு தாலி கட்டினார்கள். சாப்பாடு சுமார்.


நவம்பர் 30, சனி

வாணி காலையில் சாத்தூர் போய்விட்டாள். வீட்டில் நானும் பஞ்சவர்ணமும் மட்டும். பந்தலைப் பிரிக்கிறார்கள். மீந்த தேங்காய்களை எண்ணி ஒரு சாக்கில் கட்டினேன்.

நேற்று எழுதியதை இன்று ஒரு தடவை படித்துப் பார்த்தேன். நன்றாகத்தான் இருக்கிறது. ஒரே ஒரு இடம் மட்டும் கண்ணை உறுத்துகிறது. அதைச் சொல்லிவிடுகிறேன். இந்த டைரியை யாரும் படிக்கப் போவதில்லை.

எழுந்து நின்று கத்துவது என்றுதான் ஏழாவது வரிசையில், சுவர் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்திருந்தேன். ஐயர் கூப்பிட்டார். கதிரேசன் பட்டத்தை எடுத்தான். எனக்கு எழ வரவில்லை. இத்தனை பேருக்கு நடுவில் நின்று "நான் இருக்கிறேன்" என்று சொன்னால், இத்தனை நாள் எங்கே இருந்தாய் என்று ஒரே ஒரு ஆள் கேட்டால் போதும். கேட்கக்கூட வேண்டாம். பார்த்தால் போதும். தலையைக் குனிந்துகொண்டேன். செருப்பைத் தேடுகிற மாதிரி.

நிமிர்ந்தால் எதிரே கதிரேசன். மேடையை விட்டு இறங்கி, ஆறு வரிசையையும் தாண்டி வந்து நிற்கிறான். உள்ளங்கையில் பட்டம். அவனுக்கு வியர்த்திருந்தது.

"எந்திரிங்கண்ணே. நேரமாகுது, ஐயரு மொறைக்காரு."

"நீ கட்டுடா. வாணி ஒன்னத்தான சொல்லுச்சு."

"தெரியும். ஒங்களுக்காக ஒண்ணும் கூப்பிடல. அக்கா நேத்து இருந்து பச்சத் தண்ணி குடிக்கல. கேட்டா வயிறு சரியில்லங்குது." பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொன்னான். அவனுக்கும் கோபம் இருந்தது. அது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. "எந்திரிங்க. ஆளுக பாக்குதுல்ல."

கூடவே நடந்தேன். யாரும் கை தட்டவில்லை. பாதிப்பேர் வந்த டீயை வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

மேடையில் வாணி முதலில் அவனைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். தலை நேராகவே இருந்தது. பட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பன்னிரண்டு வருஷத்தில் நான் ஊர்ந்த எந்தக் குழாயும் அவ்வளவு நீளம் இல்லை.

"குனி தாயி" என்றான் கதிரேசன். அவள் குனியவில்லை. "அம்மாவப் பாரு" என்றான்.

அவள் பஞ்சவர்ணத்தைப் பார்த்தாள். அப்புறம் குனிந்தாள்.

எனக்கு நூல் முடிச்சு விழவில்லை. இரண்டு தடவை நழுவியது. பின்னாலிருந்து கதிரேசன் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டான். நான் ஒரு முனை. இரண்டு பேருமாகத்தான் கட்டினோம். அவன் கை பட்ட நூலில் கொஞ்சம் கிரீஸ் வாசம் அடித்தது. வாணி நிமிர்ந்தபோது கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

கீழே பஞ்சவர்ணம் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். பிறகு பந்தியில் இரண்டாம் தடவை சோறு கேட்டு வாங்கினாள். நான்தான் பரிமாறினேன்.

கதிரேசன் மேல் எனக்கு இருக்கிற கோபம் தீரவில்லை. மேடையில் நின்றபடி என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கலாம். ஊர் முன்னால் அவன் பெரிய மனுஷன் வேஷம் போடுகிறான் என்று திட்டியிருப்பேன், எழுந்து வெளியே போயிருப்பேன். அவன் ஏன் இறங்கி வர வேண்டும்?

ஆகவே, நேற்று எழுதியதில் மற்றதெல்லாம் அப்படியே நிற்கட்டும். இரண்டாயிரம் பேர் என்றால் இரண்டாயிரம் பேர்தான். வாணி என்னைக் கூப்பிட்டாள் என்பது மட்டும் இல்லை. அவள் கூப்பிடவில்லை. அதை நானாக எழுதிக்கொண்டேன்.